புது டிராப் பாக்ஸை எங்கே நடுவது? லைப்ரரியா, கடை பார்க்கிங்கா, ஷெரிஃப் அலுவலகமா?

சாம்பல்கொக்கு:

வணக்கம் மக்களே. வாஷிங்டன் மாநிலத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். எங்கள் தேர்தல் அலுவலகம் பொதுமக்களிலிருந்து ஏழு பேரைச் சேர்த்து ஒரு ஆலோசனைக் குழு போட்டது. எதற்கும் ஒரு மனு போட்டு வைப்போமே என்று போட்டேன், எடுத்துவிட்டார்கள். கொடுத்திருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: புதிதாக ஒரு டிராப் பாக்ஸுக்கு, அதாவது வாக்குச்சீட்டைப் போடும் தெருவோரப் பெட்டிக்குப் பணம் இருக்கிறது, அதை எங்கே நடுவது.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கே 2011-லிருந்து மாநிலம் முழுவதும் தபால் வாக்குதான். தேர்தலுக்கு 18 நாள் முன்னால் வாக்குச்சீட்டை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிரப்பி, உறையின் மேல் கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பலாம். இல்லையென்றால் தெருவோரம் நிற்கும் இந்த இரும்புப் பெட்டியில் போடலாம். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். 2017-ல் வந்த சட்டப்படி, பதிவு செய்த 15,000 வாக்காளருக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும், அது போக ஒவ்வொரு நகரத்திலும், தபால் நிலையம் உள்ள சிற்றூர்களிலும் ஒன்று கட்டாயம். எங்கள் கவுண்டி அந்தக் கணக்கை ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதனால் இது சட்டத்துக்காக வைக்கும் பெட்டி இல்லை, எங்கே வைத்தாலும் சட்டப்படி சரிதான். அதுதான் தொல்லையே.

பட்டியலில் மூன்று இடங்கள். ஒன்று, புதிதாகக் கட்டிய கிளை நூலகம், தனி வீடுகள் நிறைந்த பகுதி, பார்க்கிங் தாராளம். இரண்டு, ஒரு பெரிய பலசரக்குக் கடையின் பார்க்கிங், எந்நேரமும் கூட்டம். மூன்று, ஷெரிஃப் (கவுண்டி போலீஸ்) கிளை அலுவலகத்தை ஒட்டிய சமுதாயக் கூடம். அங்கே விளக்கு இருக்கிறது, கேமரா இருக்கிறது, இடமும் இலவசம்.

நான் மென்பொருள் ஆள், சும்மா இருக்க மாட்டேனே. இப்போது இருக்கும் பெட்டிகளைச் சுற்றி வரைபடத்தில் ஒரு மைல் வட்டம் போட்டுப் பார்த்தேன். நகரப்பகுதி கிட்டத்தட்ட முழுவதும் வட்டங்களுக்குள் அடங்கிவிட்டது, பெரிய ஓட்டை நூலகத்துப் பக்கம்தான். அப்படியென்றால் நூலகம்தான் நியாயம் என்று கூட்டத்தில் சொன்னேன். குழுவில் இருக்கும் ஒரு வயதான அம்மா என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த வட்டத்தில் எத்தனை பேர் நடந்து போவார்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டம் மூன்று வாரத்தில். இதில் அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ஒருவரிபதில்:

தபால் பெட்டி ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் ஸ்டாம்ப் கூட ஒட்ட வேண்டாம். ஒரு இரும்புப் பெட்டிக்குக் குழு, கூட்டம், வரைபடம். வரிப்பணம் இப்படித்தான் போகிறது.


இரவுப்பணி:

சாம்பல்கொக்கு, நான் பக்கத்து ஓரிகன். அங்கே 1998-ல் மக்களே வாக்களித்துத் தபால் முறையைக் கொண்டுவந்தார்கள், அதனால் பெட்டி எங்களுக்குப் பழைய விஷயம். இரண்டு தேர்தல் சீசனில் பெட்டிகளைத் திறந்து அள்ளிக்கொண்டு வரும் தற்காலிக வேலை பார்த்திருக்கிறேன், அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் மேலே இருக்கிற ஒருவரி நண்பருக்கு. தபாலில் போடுவதும் பெட்டியில் போடுவதும் ஒன்றில்லை. சாம்பல்கொக்கு இருக்கும் வாஷிங்டனில் தபாலில் போட்டால் தேர்தல் தேதிக்குள் அஞ்சல் முத்திரை விழ வேண்டும். கடைசி நாள் மாலை ஆறு மணிக்குத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டால் அன்றைக்கே முத்திரை விழும் என்று யார் உறுதி தருவது? தபால் துறையே ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறது. டிராப் பாக்ஸில் அந்தக் கவலை இல்லை, 8 மணிக்குள் போட்டால் முடிந்தது. அதனால்தான் மக்கள் கடைசி இரண்டு நாளில் பெட்டியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். முதல் வாரம் நாங்கள் போகும்போது பெட்டிக்குள் பத்து இருபது உறை கிடக்கும், கடைசி நாள் மதியமே வாய் வரைக்கும் நிரம்பி நிற்கும்.

இப்போது இடம். எல்லோரும் வாக்காளர் எப்படி வருவார் என்று யோசிக்கிறார்கள், சரிதான், ஆனால் அள்ளப் போகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பதையும் யோசியுங்கள். நாங்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். பெட்டிப் பூட்டின் முத்திரை எண்ணை ஒருவர் படிப்பார், இன்னொருவர் தாளில் எழுதுவார், பெட்டியைத் திறந்து, அள்ளி, பையைப் பூட்டிப் புது முத்திரை போட்டு, இருவரும் கையெழுத்துப் போடுவோம். பத்து பதினைந்து நிமிட வேலை. அந்த நேரம் வண்டியை நிறுத்த இடம் இல்லையென்றால், நடுத்தெருவில் அபாய விளக்கைப் போட்டுவிட்டு வாக்குச்சீட்டுப் பையோடு ஓட வேண்டியதுதான். நான் ஓடியிருக்கிறேன். ஒரு ஊரில் பெட்டியை ரொம்ப அழகாக ஒரு பூங்கா வாசலில் வைத்திருந்தார்கள், சனிக்கிழமை சந்தை கூடினால் வண்டி கிட்டேயே போக முடியாது, கூட்டத்துக்குள் தள்ளுவண்டியில் வாக்குச்சீட்டை உருட்டிக்கொண்டு வருவோம், சின்னப் பிள்ளைகள் உள்ளே என்ன பரிசா என்று கேட்கும்.

அப்புறம் தீ. 2024 அக்டோபர் 28 விடியற்காலையில் போர்ட்லாந்தில் ஒரு பெட்டியிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் மாநிலத்து வான்கூவர் நகரில் ஒரு பேருந்து நிலையப் பெட்டியிலும் யாரோ தீ வைத்தார்கள், நினைவிருக்கும். போர்ட்லாந்தில் பெட்டிக்குள் இருந்த தீயணைப்புப் பொடி வேலை செய்தது, சேதமானது மூன்றே மூன்று சீட்டு. வான்கூவரில் நூற்றுக்கணக்கில் போய்விட்டது. சனிக்கிழமை காலை 11 மணிக்கு மேல் அந்தப் பெட்டியில் போட்டவர்கள் எல்லாம் உடனே தொடர்பு கொள்ளுங்கள், மாற்றுச்சீட்டு தருகிறோம் என்று அறிவித்தார்கள். அதாவது சனிக்கிழமை அள்ளியதோடு சரி, அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் திங்கள் விடியல் வரைக்கும் உள்ளேயே கிடந்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் வைத்ததுதான் தப்பு என்று அப்போது நிறையப் பேர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல இடத்தில் வைத்த பெட்டி சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் நிரம்பும் பெட்டியை அடிக்கடி அள்ள வேண்டும். இடத்தை முடிவு செய்யும்போதே ஒரு நாளைக்கு எத்தனை முறை அள்ள ஆள் இருக்கிறது என்பதையும் அலுவலகத்திடம் கேட்டுவிடுங்கள். பெட்டிக்குப் பணம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை என்று பின்னால் சொல்லுவார்கள்.

பெட்டி விலை சின்ன விஷயம். 2020-ல் மத்திய தேர்தல் உதவி ஆணையத்தின் பெயரில் வந்த வழிகாட்டியில் நிரந்தரப் பெட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 6,000 டாலர் என்று போட்டிருந்தார்கள், இப்போது கூடியிருக்கும். கான்கிரீட் போடுவது, விளக்கு, கேமரா, அள்ளுகிற ஆள், அங்கேதான் பணம் கரையும்.


நாலாம்_மாடி:

எனக்கு சக்கர நாற்காலி. ஒன்பது வருஷமாக. வாக்களிக்கும் உரிமை வந்த பிறகு ஒரு தேர்தலும் விட்டதில்லை. அதனால் இந்தப் பெட்டிகளோடு எனக்குத் தனிப்பட்ட பகை உண்டு.

"அணுகல் வசதி உள்ளது" என்று அலுவலகத் தளத்தில் பச்சை டிக் போட்டிருப்பார்கள். போனால், பெட்டியின் வாய் 48 அங்குல உயரத்துக்குள்தான் இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது, சட்டம் சொல்கிற உச்ச அளவு அதுதான். ஆனால் நான் கிட்டே போக முடிந்தால்தானே கை நீட்டுவது? பெட்டி முன்னால் 30-க்கு 48 அங்குலம் சமதரை வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெட்டிக்கு முன்னால் அந்தத் தரை இருக்கிறது. அந்தத் தரைக்குப் போகிற நடைபாதையில் ஒரு மரத்தின் வேர் சிமெண்டைத் தூக்கிவிட்டிருக்கிறது. நாற்காலியின் முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும். பின்னால் எடுத்து, புல்லில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும், நவம்பர் மழையில் அந்தப் புல் சேறு. போன முறை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினேன். கையெழுத்துப் போட்ட இடம் நனைந்து மை பரவிவிடுமோ என்ற பயம் வேறு, பதிவில் இருக்கும் கையெழுத்தோடு பொருந்தவில்லையென்றால் கடிதம் வரும், மறுபடி அலைய வேண்டும்.

அப்புறம் வாயின் மேல் ஒரு மூடி. மழை உள்ளே போகாமல் இருக்க ஸ்பிரிங் வைத்த தகரம். ஒரு கையால் தூக்கிப் பிடித்து மற்றொரு கையால் உறையைத் திணிக்க வேண்டும். ஒரே கையால், இறுக்கிப் பிடிக்காமல், திருகாமல், 5 பவுண்டுக்கு மேல் விசை இல்லாமல் இயக்க முடிய வேண்டும் என்பது விதி. யாராவது ஒரு மீன் தராசை மாட்டி இழுத்துப் பார்த்திருப்பார்களா?

நான் சொல்ல வருவது இதுதான். வரைபடத்தை மூடி வைத்துவிட்டு மூன்று இடத்துக்கும் நேரில் போங்கள். பகலில் போகாதீர்கள். நவம்பர் முதல் வாரம் உங்கள் பக்கம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வேலை முடிந்து மக்கள் வருகிற நேரம் அதுதான், அந்த நேரத்தில், மழை பெய்யும்போது போங்கள். முடிந்தால் உங்கள் ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பார்வையில்லாத ஒருவரையும். அவர்களுக்குப் போக வரக் கூலி கொடுங்கள். இலவசமாக ஆலோசனை சொல்லிச் சொல்லி நாங்கள் களைத்துவிட்டோம், இதையும் சேர்த்து.

இன்னொன்று, காரில் இருந்தபடியே போடும் பெட்டி. கார் ஓட்டும் மாற்றுத்திறனாளிக்கு அது வரம், இறங்க வேண்டியதே இல்லை. ஆனால் அதே பெட்டிதான் நடந்து வருகிறவருக்கு ஆபத்து, ஏனென்றால் கார் வரிசையில் ஒரு ஆள் நின்று கையை நீட்ட வேண்டும். இரண்டு பக்கமும் வாய் உள்ள பெட்டியாகக் கேளுங்கள், கார்ப்பக்கம் ஒன்று, நடைபாதைப் பக்கம் ஒன்று. கார்ப்பக்கத்து வாய் ஓட்டுநர் இருக்கும் பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், பயணியின் பக்கம் வைத்த பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் காரை நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து போட்டுவிட்டுப் போவார்கள், பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்கும்.


பழைய_ஹூஸ்டன்காரன்:

உங்கள் பிரச்சினையைப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. சட்டம் கேட்பதற்கு மேல் ஒரு பெட்டி இருக்கிறது, எங்கே வைக்கலாம் என்று ஏழு பேர் உட்கார்ந்து பேசுகிறீர்கள். நான் 2020-ல் ஹூஸ்டனில் இருந்தேன்.

அங்கே தெருவோரப் பெட்டி கிடையாது. தபால் வாக்குச்சீட்டை அடையாள அட்டை காட்டி ஆளிடம் கொடுக்கும் இடங்கள்தான், அதுவும் தபால் வாக்குத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். ஹாரிஸ் கவுண்டி அப்படிப் 12 இடம் திறந்தது. அக்டோபர் 1 அன்று ஆளுநர் ஒரு உத்தரவு போட்டார்: கவுண்டிக்கு ஒரே இடம். நீதிமன்றம் வரை போய், உத்தரவு நின்றது. ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் பேர், பரப்பளவு 1,700 சதுர மைலுக்கு மேல். அதே டெக்சாஸில் லவ்விங் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது, 2020 கணக்கெடுப்பில் அங்கே 64 பேர். அவர்களுக்கும் ஒன்று, எங்களுக்கும் ஒன்று. எல்லோருக்கும் சமம், பார்த்தீர்களா. தபால் வாக்குத் தகுதி யாருக்கு? 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், உடல்நலம் இல்லாதவர்கள், இப்படிப்பட்டவர்கள். அவர்களைத்தான் அந்தப் போக்குவரத்தில் கவுண்டியின் ஒரு கோடியிலிருந்து வரச் சொன்னார்கள்.

அப்புறம் ஜார்ஜியாவுக்கு வந்தேன். விதி என்னைத் துரத்துகிறது. 2021-ல் இங்கே சட்டம் மாற்றினார்கள். ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு பெட்டி கட்டாயம் என்றார்கள், அது நல்லது, அதற்கு முன் பெட்டியே இல்லாத கவுண்டிகள் இருந்தன. ஆனால் கூடுதல் பெட்டி வேண்டுமென்றால் ஒரு லட்சம் வாக்காளருக்கு ஒன்று, அல்லது முன்கூட்டி வாக்களிக்கும் மையங்களின் எண்ணிக்கை, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். பெட்டி கட்டடத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், மையம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும். முன்கூட்டி வாக்களிப்பு வெள்ளிக்கிழமையோடு முடியும், பெட்டியும் அதோடு சரி. கடைசி நான்கு நாள், அதாவது இரவுப்பணி சொன்ன அந்தக் கூட்ட நாட்களில், பெட்டியே இல்லை. மையம் திறந்திருக்கும் நேரத்தில் வர முடிகிறவர் உள்ளே போய் ஓட்டே போட்டுவிடலாமே, பெட்டி எதற்கு? வேலை நேரம் ஒத்துவராதவருக்குத்தானே அது.

இதைச் சொல்வதற்குக் காரணம் அரசியல் பேச இல்லை. நீங்கள் எண்ணிக்கையையும் தூரத்தையும் மட்டும் பார்க்கிறீர்கள். நேரமும் ஒரு இடம்தான். உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றில் எது ராத்திரி பதினோரு மணிக்கும் திறந்த வெளியாக இருக்கும்? நூலக வாசலில் கேட் போட்டுப் பூட்டுவார்களா? கடைக்காரர் இரவு பார்க்கிங்கில் சங்கிலி போடுவாரா? இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வருகிற ஆளுக்கு நீங்கள் யோசிக்கும் ஊரே வேறு.

ஷெரிஃப் அலுவலகப் பக்கம் பற்றி. கேமரா இருக்கிறது, விளக்கு இருக்கிறது, உண்மை. ஆனால் போலீஸைப் பார்த்தால் நிம்மதி வருகிறவர்களும் உண்டு, பார்த்தால் தெருவை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2022-ல் அரிசோனாவின் மெசா நகரில் முகமூடி போட்டு, துப்பாக்கி வைத்துக்கொண்டு, சிலர் டிராப் பாக்ஸ் பக்கம் காவல் காத்தார்கள். வாக்காளர்கள் புகார் செய்து, கடைசியில் மத்திய நீதிபதி தடை போட வேண்டியிருந்தது. அவர்கள் யாரையும் தொடவில்லை. நின்றார்கள், படம் எடுத்தார்கள், அவ்வளவே. யார் நிற்கிறார்கள் என்பதே ஒருவரைத் திருப்பி அனுப்பப் போதும்.


ஒருவரிபதில்:

சரி, தபால் முத்திரை விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. பெட்டி வைத்தால் புதிதாக யாராவது ஓட்டுப் போடுகிறார்களா, இல்லை தபாலில் போட்டிருக்க வேண்டியவர்கள் பெட்டியில் போடுகிறார்களா?


இரவுப்பணி:

நல்ல கேள்வி, முதலிலேயே இப்படிக் கேட்டிருக்கலாம். சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டி 2016 வாக்கில் பெட்டிகளைப் பல மடங்காகக் கூட்டியது. அதை வைத்து ஆய்வு செய்தவர்கள், பெட்டி கிட்டே வந்தவர்களிடம் வாக்களிப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கண்டார்கள். கொஞ்சம்தான், மலையைப் புரட்டவில்லை. பெரும்பாலானவர்கள் நீங்கள் சொல்வது போலத் தபாலிலிருந்து பெட்டிக்கு மாறியவர்கள்தான். அதனால்தான் இடம் முக்கியம். ஏற்கெனவே எப்படியும் போடுகிறவர் வீட்டுப் பக்கம் வைத்தால் அவருக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

தபால் சரியாக வராத இடங்களும் இருக்கின்றன. பூர்வகுடிகளின் பகுதிகளில் பல வீடுகளுக்கு வாசல் வரை தபால் வராது, தபால் நிலையத்தில் போய் வாங்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் 2019-ல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள், பூர்வகுடி அரசு கேட்டால் அவர்கள் பகுதியில் ஒரு பெட்டியாவது வைக்க வேண்டும் என்று.


நாலாம்_மாடி:

நம் ஊரில், இந்தியாவில், ஒரு வாக்காளருக்கு 2 கிலோமீட்டருக்குள் வாக்குச்சாவடி இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் விதி வைத்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் நடந்து போய்ப் போட்டுவிட்டு வருவோம். இங்கே வந்த பிறகுதான் ஓட்டுப் போடக் கார் வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். சும்மா சொன்னேன்.


சாம்பல்கொக்கு:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், காரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாலாம்_மாடி சொன்னபடி வரைபடத்தை மூடிவிட்டு இறங்கினேன். குழுவில் அந்தக் கேள்வி கேட்ட அம்மாவையும் அழைத்தேன், வந்தார். அவர் சொன்ன முதல் நிபந்தனை, கார் கூடாது. சரி என்று பேருந்தில் கிளம்பினோம். ஏற்கெனவே நகர மன்றத்தின் முன்னால் ஒரு பெட்டி இருக்கிறது. என் வட்டத்தின்படி, நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எல்லாம் அந்தப் பெட்டிக்கு முக்கால் மைலுக்குள். மேற்கே போய் இறங்கி, அங்கிருந்து நகர மன்றத்துக்கு நடக்கத் தொடங்கினோம்.

நெடுஞ்சாலையைக் கடக்க ஒரே ஒரு பாலம். அதற்குப் போகவே அரை மைல் தெற்கே இறங்க வேண்டும். பாலத்தில் ஒரு பக்கம் மட்டும் நடைபாதை, அது முடிகிற இடத்தில் கார்கள் நெடுஞ்சாலைக்குள் ஏறுகிற வளைவு, சிக்னல் இல்லை. இருட்டு, தூறல். ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த அம்மா கையைக் காட்டிக்கொண்டே நின்றார், ஒரு கார் நிற்கவில்லை, ஐந்தாவதோ ஆறாவதோ நின்றது. அப்புறம் வடக்கே மறுபடி அரை மைலுக்கு மேல் ஏற்றம். ஃபோனில் பார்த்தால் மொத்தம் 2.1 மைல், ஐம்பத்தெட்டு நிமிடம். என் முக்கால் மைல். பேருந்தில் போயிருக்கலாமே என்றால், அந்த வழியில் மாலை ஏழுக்கு மேல் மணிக்கு ஒன்று. பாலத்தின் நடுவில் நின்று கீழே ஓடும் கார்களைப் பார்த்தபடி, "உன் வட்டம் இதற்கு மேலே பறந்து போய்விட்டது" என்றார். எனக்கு அங்கேயே குதித்துவிடலாம் போல இருந்தது.

அந்தக் குடியிருப்புகளில் எத்தனை வாக்காளர்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன், நூலகப் பகுதியை விட இரண்டு மடங்குக்கு மேல். வாக்களிக்கும் விகிதம் கவுண்டியிலேயே கடைசி. தபால் பெட்டிகள் அங்கே கீழ்த்தளத்தில் கொத்தாக ஒரே இடத்தில் இருக்கின்றன, அதில் இரண்டு வரிசையின் பூட்டு உடைந்து தொங்குகிறது, யாருடைய தபாலை யார் எடுத்தார்கள் என்று தெரியாது.

பட்டியலில் இருந்த மூன்றையும் பார்த்தோம். நூலகத்தில் புத்தகம் திருப்பிப் போடும் பெட்டி வாசலிலேயே இருக்கிறது, அங்கே வேலை செய்பவர் சொன்னார், டிராப் பாக்ஸ் இல்லாத போதே ஒவ்வொரு தேர்தலிலும் நாலைந்து வாக்குச்சீட்டு உறை புத்தகங்களோடு விழுகிறது, ஓடிப்போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவோம் என்று. பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்தால் இரண்டும் குழம்பும், வேறு வண்ணத்தில், வேறு பக்கத்தில் வைக்க வேண்டும். கடை பார்க்கிங் உண்மையிலேயே நல்ல இடம், மேற்குப் பக்கம்தான், ஆனால் தனியார் நிலம். மேலாளர் ஒரு வருஷத்துக்கு மேல் எழுத்தில் தர மாட்டேன் என்கிறார். கான்கிரீட்டில் நட்ட பெட்டியை அடுத்த வருஷம் பிடுங்கிக்கொண்டு போவதா? அதோடு அந்த வாசலில்தான் மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறவர்கள், பிரசாரக்காரர்கள் எல்லாம் நிற்கிறார்கள். பெட்டியைச் சுற்றி 25 அடிக்குள் பிரசாரம் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது, அந்தக் கோட்டைக் கடை வாசலில் யார் காப்பது? ஷெரிஃப் பக்கம் அந்த அம்மா உள்ளேயே வரவில்லை, வெளியே நிறுத்தத்தில் நின்றுகொண்டு "நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போதுதான் நாலாவது இடம் கண்ணில் பட்டது. குடியிருப்புகளிலிருந்து ஆறு நிமிட நடையில் பேருந்து மாறும் நிலையம். பொதுநிலம், இரவு முழுக்க விளக்கு, நடைபாதை சமதரை, நாலு வழித்தடம் வந்து நிற்கிறது. இதை ஏன் யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை என்று அலுவலகத்தில் கேட்டேன். கார் நிறுத்த இடம் குறைவு என்பதால் முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்களாம். யார் எப்போது அப்படி ஒரு அளவுகோல் வைத்தது என்று கேட்டதற்கு, அப்படித்தான் எப்போதும் செய்கிறோம் என்றார்கள்.

இதில்தான் இப்போது நிற்கிறேன். இடத்தைப் பற்றி விவாதித்தால் அவரவர் வீட்டுப் பக்கம் இழுப்பார்கள், குழுவில் நாலு பேர் நூலகப் பக்கத்துக்காரர்கள், நானும் அதில் ஒருவன். அதனால் அடுத்த கூட்டத்தில் எந்த இடத்தின் பெயரையும் எடுக்காமல், முதலில் அளவுகோலை மட்டும் எழுதி வாக்கெடுக்கலாம் என்று இருக்கிறேன்: கார் இல்லாத வீட்டிலிருந்து நடந்தோ பேருந்திலோ எத்தனை நிமிடம், இருட்டில் எப்படி, எந்நேரமும் திறந்திருக்குமா, நாற்காலி போகுமா, அள்ளும் வண்டி நிற்குமா. அதை வெளியிட்டுவிட்டு அப்புறம் நாலு இடத்துக்கும் மதிப்பெண். இரவுப்பணி, வான்கூவர் கதையை வைத்துப் பேருந்து நிலையம் என்றதும் தீ என்று யாராவது எழுந்திருப்பார்கள். அதற்கு என்ன சொல்வது?


இரவுப்பணி:

தீயணைப்புப் பொடி உள்ள பெட்டி, கடைசி வாரம் தினமும் இரண்டு முறை அள்ளுவது, இரண்டையும் அளவுகோலிலேயே எழுதிவிடுங்கள், எந்த இடமானாலும். 2020-ல் பாஸ்டனில் தீ வைத்தது பொது நூலகத்து வாசலில் இருந்த பெட்டிக்கு. அதை மட்டும் சொல்லுங்கள், போதும்.


பழைய_ஹூஸ்டன்காரன்:

நீங்களும் நூலகப் பக்கத்துக்காரர் என்பதைக் கூட்டத்தில் முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள். மற்ற மூன்று பேரும் அதற்கப்புறம் கொஞ்சம் நெளிவார்கள்.


நாலாம்_மாடி:

அந்த நிலையத்து நடைபாதையில் மரம் ஏதாவது இருக்கிறதா?


சாம்பல்கொக்கு:

இரண்டு இருக்கிறது. நாளைக்குப் போய் வேரைப் பார்க்கிறேன்.